வெள்ளிக்கிழமை பிரேக்

ஜூலை 6, சனி

முதல் ஓட்டம். தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஆழியாறு சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். நெடும்பயணத்துக்கென்றே செய்த சைக்கிள். முன்னும் பின்னும் பைகள் மாட்டக் கம்பிகள் உண்டு. இதில்தான் அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குத் தனியாகப் போகப்போகிறேன். வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்குக் கால் வேண்டும், இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். கால் என்னுடையது, அதைப் பற்றி எனக்கு ஐயமில்லை.

பிரேக்கை எங்கள் வீதி முக்கில் திரும்பும்போதுதான் முதல்முறை அழுத்திப் பிடித்தேன். அப்போது வந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. 'கிரீச்' என்று எழுதினால் அது சைக்கிளுக்குக் காட்டும் சலுகை. எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி, யார் மேலாவது ஏற்றிவிட்டோமா என்று குனிந்து தன் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். சத்தத்தோடு நடுக்கமும் வந்தது. கைப்பிடி ஆடி, கை ஆடி, மூக்குக்கண்ணாடி இறங்கி வாய்க்கு வந்துவிட்டது.

தென்னை நார் ஆலையில் தரக்கட்டுப்பாடு அதிகாரியாக இருப்பவன் நான். குறையுள்ள பொருளைப் பார்த்தால் என் கை தானாகச் சிவப்பு மை தேடும். இந்தச் சைக்கிளைக் கடையில் எப்படிச் சோதிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. பூஜையிலும் குறை வைக்கவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை, வாங்கி வந்த கையோடு கலாமணி எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே காபி ஆற்றித் தயாராக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. நல்ல சகுனம்.

ஜூலை 7, ஞாயிறு

கடை மாவில் இட்லி. தரம் இரண்டாம் நிலைக்கும் கீழே. பிப்ரவரியிலிருந்து இதுதான். கிரைண்டர் கெட்டுவிட்டது என்கிறாள். நான் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது. அவள் ஓடிவந்து நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரியில் எனக்கு வந்தது வாயுத் தொந்தரவு. கோயம்புத்தூர் டாக்டர் அதற்கு வேறு பெயர் சொல்கிறார், அவர் படித்த இடத்தில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. உள்ளே ஒரு சின்னச் சுருள் வைத்தார்கள். ஆலையில் நீண்ட விடுப்பு கொடுத்தார்கள், நான் கேட்கவில்லை. சமதளத்தில் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். நடக்கும் எந்திரத்தில் ஏற்றி ஒரு சோதனை செய்ய வேண்டுமாம். வால்பாறை போய்விட்டு வந்து செய்துகொள்கிறேன் என்று தள்ளிவைத்திருக்கிறேன். வால்பாறை போய் வந்தவனை எந்திரத்தில் ஏற்றி என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஜூலை 9, செவ்வாய்

பிரேக் விஷயத்தைப் படித்துத் தெளிந்தேன். சக்கரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைகள் கவ்வுகின்றன. கட்டையின் முன்முனை ஒரு நூல் முந்தித் தொட வேண்டும், பின்முனை பிறகு. இரண்டும் ஒன்றாகத் தொட்டால் கட்டை அதிர்ந்து கத்தும். ஆகவே கட்டையின் பின்முனைக்கும் விளிம்புக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திருகாணியை முடுக்க வேண்டும்.

சரியான தடிமனுக்கு வீட்டில் இருந்தது ஆலை முதலாளி மகன் கல்யாணப் பத்திரிகைதான். கல்யாணம் முடிந்துவிட்டது, கேட்க ஆள் இல்லை. வெட்டிச் செருகினேன். மணமகள் பெயர் முன்சக்கரத்துக்கு, மணமகன் பெயர் பின்சக்கரத்துக்கு.

பலன்: முன்பு ஒரு சுரத்தில் கத்தியது, இப்போது இரண்டு சுரத்தில் கத்துகிறது.

ஜூலை 11, வியாழன்

ஆஸ்பத்திரிப் பையில் மிச்சமிருந்த ஸ்பிரிட்டால் விளிம்பு முழுக்கத் துடைத்தேன். கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தேன். கட்டையிலிருந்து சிவப்பாக ஒரு துகள் வந்தது. மட்ட ரப்பர்.

சத்தம் இல்லை! நடுக்கம் இல்லை! பஞ்சில் கை வைத்தது போல நிற்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று கலாமணியிடம் சத்தமாகச் சொன்னேன். "அப்படீங்களா" என்றாள், முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. இன்றைக்கே கிளம்பியிருக்கலாம், ஆனால் பைகளை எடை போட்டுப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கிளம்புகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

சத்தம் வந்துவிட்டது. முன்னைவிட மோசம்.

வீதி முடிகிற இடத்தில் உள்ள தென்னந்தோப்பிலிருந்து ஒரு மயில் பதில் சொன்னது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி பிடித்தேன், மறுபடி அகவியது. மூன்றாம் முறை பிடித்தபோது தோப்பு வேலி மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

இப்போது நான்கு மயில்கள்.

ஜூலை 17, புதன்

மாலையில் விளிம்பைத் திரும்பவும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். கம்பிகளின் இறுக்கம், முன்கழுத்தின் ஆட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கும் இஸ்மாயிலிடம் காட்டினேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் சுத்தமா இருக்குதுங்க. சத்தம் உங்க காதுல வருதோ என்னமோ" என்றார். மயிலுக்கும் என் காதுதானா என்று கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று ஆடி பிறந்துவிட்டது. "ஆடில யாராச்சும் பயணம் கெளம்புவாங்களா?" என்றாள் கலாமணி. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் ஆடிக் காற்று எதிர்க்காற்று. விஞ்ஞான ரீதியாகவே யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜூலை 18, வியாழன்

சத்தமில்லை. ஜெயித்தேன். சனிக்கிழமை கிளம்பலாம். சோதனைக்காக வழக்கத்தைவிட நீண்ட தூரம் போய் வந்தேன். திரும்பி வந்தபோது கலாமணி வாசல் கேட்டருகே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

ஜூலை 19, வெள்ளி

சத்தம். நடுக்கம். மயில்கள்.

பிரேக் சூடேறினால் ஒரு நல்ல வாசனை வருகிறது, சந்தனம் போல. வெளிநாட்டு ரப்பரில் என்னென்னவோ கலக்கிறார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

எங்கள் வீதி நலச்சங்கம் என்னைப் பற்றிக் கூட்டம் போட்டது. தலைவர் சின்னராசு வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. மேசை மேல் சைக்கிளையும் தூக்கி வைத்திருந்தார்கள், குற்றவாளி முன்னிலையில் விசாரணை நடக்க வேண்டுமாம்.

வீதியில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டதை அங்கேதான் அறிந்தேன். ஒரு கட்சிக்கு மயில்கள் காயப்போட்ட மிளகாயையும் கம்பையும் தின்றுவிட்டுப் போவது பொறுக்கவில்லை. தேசியப் பறவையைக் கல்லால் அடிக்கவும் முடியாது, போலீஸ் வரும். ஆகவே நான் பிரேக் பிடிக்கக் கூடாது. மற்றொரு கட்சி, ஆடி மாசத்தில் மயில் வீதி தேடி வருவது முருகன் செயல் என்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் வசந்தா எழுந்து, "அவரு பிரேக்கு என் மேல் சட்ஜத்துல அச்சா வந்து நிக்குதுங்க. புள்ளைங்க அதை வெச்சுத்தான் சுதி சேத்துதுங்க. இவரு வியாழக்கெழமை சரி பண்ணிப்போடறாரு, அன்னைக்கு கிளாஸே நாசமாப் போகுது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்க என்னதான் சொல்றீங்க?" என்றார் சின்னராசு.

"நான் வால்பாறை போகணும். பிரேக் சரியாகணும். அவ்வளவுதான்."

"வால்பாறைக்கு பஸ் போகுதுங்களே?"

கூட்டம் முழுக்க அதை ஆமோதித்தது. இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். முடிவில், கம்பு காயப்போடும் வீடுகளுக்கு எதிரே பிரேக் பிடிக்காமல் காலை ஊன்றி நிறுத்த வேண்டும், மற்ற இடங்களில் தாராளமாகப் பிடிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கலாமணி பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கட்சிக்குக் கை தூக்கினாள் என்று பார்த்தேன். பிரேக் பிடிக்கலாம் என்ற கட்சிக்கு, இரண்டு கையையும் தூக்கினாள்.

ஜூலை 25, வியாழன்

அவமானம். உள்ளூர் கேபிள் டிவிக்காரர் காமிராவோடு வந்திருந்தார். 'மயிலை அழைக்கும் மனிதர்' என்று தலைப்புக்கூட வைத்துவிட்டாராம். வீதியே கூடி நின்றது. சின்னராசு வேட்டி சட்டை இஸ்திரி போட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் முக்கிலிருந்து கம்பீரமாக வந்து பிரேக்கைப் பிடித்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. நேற்று மாலை பழக்கதோஷத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று முறை போய்ப் போய் வந்தேன். சைக்கிள் வெண்ணெய் மாதிரி நின்றது. பொறுத்துப் பார்த்த சின்னராசு தாமே கையை வாயில் குவித்து மயில் போலக் கத்தினார். தோப்பிலிருந்த மயில்கள் எல்லாம் எழும்பி எதிர்த் திசையில் பறந்துபோயின. டிவிக்காரர் அதைத்தான் படம் பிடித்துக்கொண்டு போனார்.

ஆனால் நல்ல பிரேக். கிளம்ப ஏற்ற பிரேக். வானம் மட்டும் கொஞ்சம் மூட்டமாக இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

காலையில் முக்குத் திரும்பினேன். சத்தம் அம்பராம்பாளையம் வரை கேட்டிருக்கும்.

ஜூலை 28, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். இது வெள்ளிக்கிழமை விளைவு. இந்த வீதியில் எல்லா வீட்டிலும் வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கழுவுகிறார்கள், வண்டி கழுவுகிறார்கள், தலைக்குக் குளித்து முடியை வெளியே நின்று உலர்த்துகிறார்கள். இவ்வளவு ஈரமும் ஒரே நேரத்தில் காற்றில் ஏறுகிறது. அந்த ஈரத்தில் அலுமினிய விளிம்பு ஒரு மயிரிழை உப்பிவிடுகிறது. விளிம்பில் காலையில் தெரியும் பளபளப்பே சாட்சி.

பிரேக் கம்பெனிக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மட்டும்தானா சார்?" என்றது. ஆமாம் என்றேன். ஆடி வெள்ளியில் அதிகமா என்று கேட்டது. நான் உற்சாகமாக ஆமாம் ஆமாம் என்றேன். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டு இணைப்பு அறுந்துவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமை விடியும்போதே மறைந்து உட்கார்ந்து ஈரத்தை நேரில் கண்காணிக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விடிந்ததும் கொல்லைப்புறக் கதவு வழியாகச் சுற்றிவந்து, போர்ட்டிகோவில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கையில் வெப்பமானி, அதன் குமிழில் சுற்ற ஈரத்துணி. சைக்கிள் எதிரே சுவரோரம் நின்றது. புதன்கிழமை துடைத்தது, விளிம்பு சுத்தமாக இருந்தது.

கலாமணி குளித்துவிட்டு, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு தட்டோடு வந்தாள். கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அது வழக்கம்தான். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் எதிரே குந்தினாள். சந்தனத்தில் விரலைத் தோய்த்து, பிரேக் கட்டை கவ்வும் அதே விளிம்பில், இரண்டு பக்கமும், விட்டு விட்டுப் பொட்டு வைத்தாள். ஒவ்வொரு சந்தனப் பொட்டு மேலும் ஒரு குங்குமப் பொட்டு. நடுக்கம் ஏன் விட்டு விட்டு வருகிறது என்று நான் கணக்குப் போட்ட தாள்கள் மேசை நிறைய இருக்கின்றன. பிறகு கிண்ணத்திலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, விளிம்பெங்கும் ஒரு பூச்சுப் பூசினாள். பின்சக்கரத்துக்கும் அப்படியே.

இதுவரைகூட பக்தி என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் என்னை அசைத்தது. பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கினாள், காலால் மிதியை ஒரு சுற்றுச் சுற்றினாள், மற்றொரு கையால் பிரேக்கைப் பிடித்தாள். வீதியே அதிர்ந்தது. தோப்பில் மயில்கள் பதில் சொல்லின. தலையை ஆட்டித் திருப்திப்பட்டுக்கொண்டு சைக்கிளை இறக்கினாள். ஆலையில் என்னிடம் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள், ஒருவர்கூட இவ்வளவு ஒழுங்காகச் சோதனை செய்ததில்லை.

நான் எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு தவணை தவணையாகத்தான் எழ முடிந்தது.

"என்ன கலா பண்ணீட்டு இருக்கறே?"

அவள் திடுக்கிடவில்லை. "எண்ணெய் போடறனுங்க."

"பிரேக்குல எண்ணெய் போட்டா பிரேக் புடிக்காதுன்னு தெரியாதா?"

"சத்தம் வருதுங்களே."

"சத்தம் வந்தா புடிக்குதுன்னு அர்த்தமா? மலைல எறங்கறப்ப வழுக்கீட்டுப் போயிருந்தா நான் என்ன ஆவறது?"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "கெட்டியாப் புடிக்கறதாலதான் கத்துதுன்னு நெனச்சேனுங்க. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

எனக்குக் கோபம் தணியவில்லை. சரியாகச் சொன்னால் கோபம் அப்போதுதான் வசதியாக வந்து உட்கார்ந்தது. "ஒரு மாசமா எம் பயணம் நின்னு கெடக்குது. எல்லாம் உன்னாலதான்" என்றேன்.

"ஏனுங்க, வெசாழக்கெழமை சத்தமே வராதில்லீங்க. நீங்களேதான் ஒவ்வொரு வெசாழக்கெழமையும் ஜெயிச்சுட்டேன்னு சொல்வீங்க. அன்னைக்கு ஏன் கெளம்பலை?"

பைகளின் எடை என்றேன். காற்று என்றேன். வானம் மூட்டம் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பம்பை எடுத்து முன்டயருக்குக் காற்றடித்தேன். ஏற்கெனவே கல் மாதிரி இருந்த டயர்.

"சரி, நீ எதுக்கு வாராவாரம் இதைப் பண்ணுனே?" என்றேன், டயரைப் பார்த்துக்கொண்டே.

"மொதல் வாரம் சாமிக்குத்தானுங்க வெச்சேன். நீங்க முக்குல திரும்பறப்ப கத்துச்சு. நான் அடுப்படில நிக்கறேன், எனக்குக் கேட்டுது. வந்துட்டாருன்னு காபியை எறக்குனேன். மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் ஒரு வாரம் நீங்க தொடைச்சுப்போட்டீங்க. சத்தமில்லாம போனீங்க, நேரமாயும் வரலை. நான் கேட்டுக்கும் அடுப்படிக்குமா நடந்துட்டே இருந்தேன். குழம்பு தீஞ்சுபோச்சு."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "பிப்ரவரில நீங்க கொல்லைல மோட்டார் ரூம்ல விழுந்து கெடந்தப்ப நான் கெரைண்டர் போட்டிருந்தேன். அன்னைக்கு நீங்க என்னையக் கூப்புட்டீங்களா?"

இத்தனை மாதத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு தடவை கூப்புட்டேன்."

"எனக்குக் கேக்கலீங்க" என்றாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பம்பை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்ல வருவதெல்லாம் கட்டை, விளிம்பு, திருகாணி என்றே வந்தது. அவள் கையில் எண்ணெய் பிசுபிசுப்பாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். வசந்தா டீச்சர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு சுதி அருமைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம்.

மாரடைப்பு. எழுதிப் பார்த்தேன். வாயுத் தொந்தரவு என்பதைவிடச் சின்னச் சொல்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கோயம்புத்தூர் போனோம். எந்திரத்தில் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி நடக்கவிட்டு, பிறகு ஏற்றம் வைத்து வேகத்தைக் கூட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கை தன்னாலே கைப்பிடியில் பிரேக்கைத் தேடியது. "அதுல ஒண்ணும் இல்லீங்க சார், சும்மா நடங்க" என்றது நர்ஸ் பெண்.

முடிவு பரவாயில்லை. மலை ஏறலாமா என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் கலாமணியைப் பார்த்துப் பதில் சொன்னார். ஆழியாறு வரை தாராளமாகப் போகலாம், அதற்கு மேல் சில வளைவுகள் ஏறலாம், மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ள வேண்டும், வால்பாறையை அடுத்த வருடம் பார்க்கலாம். சேர்ந்து போவது நல்லது என்றார். "நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே போறனுங்க" என்றாள் கலாமணி. என்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பிரேக்கைக் கடைசியாக ஒருமுறை சுத்தம் செய்தேன். பழைய கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவை போட்டேன், கல்யாணப் பத்திரிகையின் மிச்சத்தைச் செருகி முன்முனையை ஒரு நூல் முந்தவிட்டேன். சுத்தமான பிரேக்.

அவளுக்கு ஏதாவது சத்தம் வேண்டும் என்பதும் நியாயம்தான். பெல் வாங்கி மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "பெல்லை நீங்கதானே அடிக்கணும்? நீங்க மறந்துட்டா? தன்னால அடிக்கறதா வேணுமுங்க" என்றாள்.

இன்று மாட்டுச் சந்தை. இருவரும் போனோம். மணிக்கடையில் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, காளைக்குக் கட்டும் வெண்கலக் கழுத்து மணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"மாட்டுக்கு என்ன வயசுங்க?" என்றார் கடைக்காரர்.

"அம்பத்தாறு" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி முதல் தேதி. கிளம்பினோம்.

வீதி முழுக்க வாசலில் நின்றது. இரண்டு கட்சியும் வந்திருந்தன. இருக்கைக்கு அடியில் தோல்வாரில் மணி தொங்கியது, மிதிக்க மிதிக்கக் 'கணீர் கணீர்' என்றது. சின்னராசு மாலை போட்டார், எனக்கல்ல, சைக்கிளுக்கு. மயில்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றுக்கு மணி பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஆழியாறு வரை கஷ்டமில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் மாடு போகிறது என்று ஹாரன் அடித்தன, முன்னால் வந்து என்னைப் பார்த்ததும் இன்னும் பலமாக அடித்தன. அணையைத் தாண்டி மலையில் ஏறினேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூச்சு வாங்கியபோது இறங்கித் தள்ளினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு வளைவுகளுக்குப் பிறகு புரிந்தது. கலாமணி எப்போதும் ஒரு வளைவு கீழே, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் நின்றால் மணி நிற்கும், மணி நின்றால் ஸ்கூட்டர் சீறிக்கொண்டு மேலே வந்துவிடும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மரத்தைப் பார்ப்பாள்.

ஏழாவது வளைவில் நின்றோம். தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு நின்று மணியையே பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்ற முகத்தோடு போய்விட்டது. கீழே பாதி அணை தெரிந்தது. பிளாஸ்க்கில் இருந்த காபியைக் குடித்தோம். போதும், இறங்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

இறக்கம். பிரேக்கைப் பிடித்தேன். சத்தமில்லை, நடுக்கமில்லை, நினைத்த இடத்தில் நினைத்த வேகம். இருபது வருடம் தரம் பார்த்தவன் சொல்கிறேன், முதல் தரம். கலாமணி பின்னால் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆறாவது வளைவைத் தாண்டிய இடத்தில் ஒரு பள்ளம். சைக்கிள் தூக்கிப் போட்டது. தோல்வார் அறுந்து, மணி சாலையில் விழுந்து துள்ளி, தடுப்புச் சுவர் மேல் ஒருமுறை இடித்து, அந்தப் பக்கம் போய்விட்டது. கீழே பாறையில் ஒருமுறை ஒலித்தது. அதற்கும் கீழே இன்னொருமுறை. பிறகு ஒன்றுமில்லை.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. சைக்கிள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க!"

இருபத்தெட்டு வருடத்தில் அவள் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. பிரேக்கைப் பிடித்து நின்று, மலை எதிரொலிக்கும்படி கத்தினேன்.

"இருக்கேன்!"

பிறகு ஸ்கூட்டர் மெல்ல உருண்டு வரும் சத்தம் வந்தது. நான் கிளம்பினேன். அடுத்த வளைவில் மறுபடி, "ஏனுங்க?"

"இருக்கேன்!"

ஏறி வந்துகொண்டிருந்த பஸ் என் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "என்னங்க இருக்குது? யானைங்களா?" என்றார். ஜன்னல்களில் எல்லாம் தலைகள். இல்லை, நான்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க, இருங்க" என்று விசில் அடித்தார்.

ஒவ்வொரு வளைவிலும் கேட்டாள், ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. மலை முடிந்து ஆழியாற்றில் சமதளம் வந்ததும் அவள் ஸ்கூட்டரை எனக்கு இணையாகக் கொண்டுவந்தாள். கை நீட்டினால் தொடும் தூரம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவான குரலில் இன்னொருமுறை கேட்டாள்.

இருக்கேன் என்றேன்.